தேயிலை இலையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்க: மலையகத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், பங்கசால் வரும் கொப்புள நோய் பிடித்த தேயிலை இலைகளைப் பறித்தேன். நனைத்த டிஷ்யூவில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, கண்டி பஸ்ஸில் ஏறினேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போய் இறங்கும்போது மூன்று மணித்தியாலம் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து இலத்திரன் நுணுக்குக்காட்டியின் திரையில் வந்தது, காய்ந்த புளியம்பழத் தோல் மாதிரிச் சுருங்கி மடிந்த ஒரு பரப்பு. வித்தி எது, உடைந்த கலம் எது, பையிலிருந்து ஒட்டிய தூசு எது என்று பக்கத்தில் இருந்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இரண்டு மணித்தியாலம் அதோடு முடிந்தது.

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. இலையை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. படம் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் தேயிலை மலையிலேயே, இலை கொப்பை விட்டு வந்த முதல் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் இயந்திரத்தைவிட அதற்கு முந்திய வேலைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன். உதாரணம் முழுக்கத் தேயிலை இலை. பாசியோ, பூச்சிச் சிறகோ, காட்டுப் பூவின் இதழோ பார்க்கப்போகிறவர்களுக்கும் வரிசை இதுதான்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இலையின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போகாதீர்கள். என்ன தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்துக் கருவி மாறும். கருவி மாறினால் மாதிரியைத் தயாரிக்கும் முறையும் மாறும்.

உருவம் தெரிய வேண்டுமானால், அதாவது இலைவாய், மயிர்கள், பங்கசின் வித்திகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, சாதாரண வருடு இலத்திரன் நுணுக்குக்காட்டி போதும். ஆய்வுகூடத்தில் எல்லோரும் 'செம்' என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தில் செப்பு இருக்கிறதா, சிலிக்கன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் செம்மோடு பொருத்தியிருக்கும் எக்ஸ் கதிர் உணரி, ஈ.டி.எஸ்., வேண்டும். புறத்தோலுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தை வெட்டிப் பார்க்க அயன் கற்றை, எஃப்.ஐ.பி. மேற்பரப்பில் என்ன மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்று தெரிய டோஃப் சிம்ஸ், அதாவது மேற்பரப்பிலிருந்து அயன்களைப் பெயர்த்தெடுத்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி.

இங்கே ஒரு விஷயம் கட்டாயம் விளங்க வேண்டும். இந்தக் கருவிகள் 'மேற்பரப்பு' என்று காட்டுவது ஒரே ஆழத்தை அல்ல. டோஃப் சிம்ஸ் பார்ப்பது மேலேயுள்ள ஒன்றிரண்டு நனோமீற்றர் மட்டும். ஈ.டி.எஸ். 15 கிலோவோல்ற்றில் காய்ந்த இலை போன்ற இலேசான பொருளில் சில மைக்ரோமீற்றர் ஆழத்திலிருந்து சைகையைக் கொண்டுவரும். அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலைமேல் விழுந்த மருந்தையா, இலைக்குள் இருக்கும் மூலகத்தையா நீங்கள் தேடுகிறீர்கள் என்பது முதல் நாளே தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரே துண்டை வைத்து நான்கையும் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உருவத்துக்காகப் பதப்படுத்தித் தங்கம் பூசிய துண்டு டோஃப் சிம்ஸுக்கு உதவாது. ஆரம்பத்திலேயே தனித்தனித் தொகுதிகளாகப் பறியுங்கள்.

2. அனுமதியும் கடிதங்களும்

தோட்டத்து இலையாக இருந்தால் பெரிய துரையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வாய்ச்சொல் போதாது. பின்னால் ஆய்வைப் பிரசுரிக்கும்போதோ, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதோ அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். கம்பனித் தோட்டங்களில் துரை தன் தலைமை அலுவலகத்திடம் கேட்டுத்தான் பதில் தருவார், அதற்கு இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சிறு தோட்ட உரிமையாளர் என்றால் ஒரே நாளில் முடியும், அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடிதத்தில் எத்தனை இலை, எந்த நம்பர் மலை, எந்த மாதம், எதற்கு என்று எழுதுங்கள். நான் முதலில் 'ஆராய்ச்சிக்காக' என்று மட்டும் எழுதியிருந்தேன். தோட்டத்தின் மருந்தடிப்பைக் குறைசொல்ல வந்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள். 'இலையின் மேற்பரப்பைப் படமெடுக்க, 40 இலைகள்' என்று திருத்திக் கொடுத்ததும் கிடைத்தது.

ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவில் ஒரு இலையைக்கூட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. ஒதுக்குக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், பல்கலைக்கழக மேற்பார்வையாளரின் கடிதமும் ஆய்வுத் திட்டமும் இணைக்க வேண்டும். முதல் முறை பழகுகிறவர்கள் தேயிலையிலோ வீட்டுத் தோட்டத்துச் செடியிலோ பழகிக்கொள்வது நல்லது.

தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கொப்புள நோயை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்துக்கு முன்பதிவு செய்யுமுன் அங்கே ஒரு கடிதம் போட்டு, எந்தப் பருவத்தில் எந்த நிலை இலையைப் பறிக்கலாம் என்று கேளுங்கள்.

3. இயந்திரம் எங்கே, காசு எவ்வளவு

மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு முதலில் கேட்க வேண்டிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகம். அடுத்தது கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம். இரண்டும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். கொழும்புப் பக்கம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் ஹோமாகமையிலுள்ள ஸ்லின்டெக் நிறுவனமும் இருக்கின்றன. எந்த இயந்திரம் இப்போது ஓடுகிறது, எது பழுதாகிக் கிடக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். தொலைபேசியில் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

கட்டணத்தை ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டு வந்த எண்ணை நம்பிப் போய், கடைசியில் ஏறத்தாழ இரட்டிப்பாகக் கட்டினேன். பின்வருவனவற்றைத் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் விலைமனு வாங்குங்கள்:

– கட்டணம் மணித்தியாலத்துக்கா, மாதிரிக்கா?
– தங்கம் அல்லது காபன் பூச்சு அதற்குள் அடங்குமா, வேறா?
– ஈ.டி.எஸ். பார்த்தால் மேலதிகமா?
– உலர்த்தும் இயந்திரத்துக்கும் அதற்கான காபனீரொட்சைட்டுக்கும் தனியாகவா?
– வரி சேர்ந்த தொகையா?
– மாணவர் கட்டணம் உண்டா, அதற்கு யாருடைய கடிதம் வேண்டும்?
– மின்வெட்டு வந்தால் அந்த நேரம் எப்படிக் கணக்கிடப்படும்?

விண்ணப்பத்தோடு மேற்பார்வையாளரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, மாதிரி பற்றிய ஒரு பக்க விளக்கம், பயன்படுத்திய இரசாயனங்களின் பட்டியல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இரசாயனப் பட்டியல் முக்கியம். ஈரமோ ஆவியாகும் பொருளோ உள்ள மாதிரி வெற்றிட அறையைக் கெடுத்துவிடும் என்பதால் இயக்குநர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. இலையின் மேற்பரப்பைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில், உங்கள் பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்களைத் தாளில் வரைந்து குறியுங்கள். என் முதல் இரண்டு மணித்தியாலத்தில் முக்கால்வாசி 'எங்கே பார்ப்பது' என்று தேடியே கழிந்தது.

4. எப்போது, எப்படிப் பறிப்பது

கொப்புள நோய் ஈரமும் மூட்டமும் உள்ள நாட்களில், உயரமான மலைகளில்தான் கடுமையாக வரும். மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலம் அதற்கு உரிய காலம். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் நல்ல கொப்புளம் தேடி அலைய வேண்டியிருக்கும். இயந்திரத்துக்கான நாள் அந்த மாதங்களில்தான் கிடைக்கும் என்றால் மழைக்காலத்திலேயே பறித்து, பதப்படுத்தி, உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சரியாக உலர்த்திய துண்டு சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும்.

இந்தப் பங்கசு இளம் இலையைத்தான் பிடிக்கும். முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி, அப்புறம் இலையின் மேற்பக்கம் குழிந்து கீழ்ப்பக்கம் புடைக்கும், அந்தப் புடைப்பு வெள்ளை வெல்வெற் மாதிரி ஆகும். வித்திகள் அந்த வெள்ளையில்தான். நான் மேற்பக்கத்தையே பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அத்தை, "இலைய திருப்பிப் பாரு பிள்ள, வெள்ளையா இருக்கிறதுதான் முத்துனது" என்றார். முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கும் கை அது. ஆய்வுக்கு இலை தேடுகிறவர்கள் கொழுந்து எடுக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.

தேயிலையில் இலைவாய்களும் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கின்றன. வெட்டிய துண்டில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று உலர்ந்தபின் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சதுரமாக வெட்டாமல், ஒரு மூலையைச் சரிவாக வெட்டி அடையாளம் வையுங்கள். கீழ்ப்பக்கம் மேலே தெரியும்படி வைக்கும்போது சரிவான மூலை இடது பக்கம் என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மருந்தடித்த திகதியைக் கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கொப்புள நோய்க்குச் செப்பு மருந்துகள் அடிப்பது வழக்கம். நேற்று அடித்த மருந்தின் துகள் திரையில் வித்தி மாதிரியே மயக்கும்.

பறித்தவுடன் செய்ய வேண்டியது: மேலே நிற்கும் பனியை வடிதாளால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். புதிய சவர அலகால் 3 முதல் 5 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கிவிடும். வெட்டியதும் பதப்படுத்தும் கரைசல் உள்ள சிறு போத்தலில் போடுங்கள். கரைசல், துண்டுகளின் கனவளவைவிடக் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். மெழுகுள்ள இலை மிதக்கும். மிதக்கும் துண்டு பாதிதான் பதப்படும். போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, மூடியால் துண்டு அமுங்கும்படி செய்யுங்கள், அல்லது ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்ததும் மெல்லிய வெற்றிடத்தில் வைத்து அமிழ்த்துங்கள்.

கரைசல் 2.5 சதவீத குளுட்டரால்டிஹைட். கடையில் 25 சதவீதமாகக் கிடைக்கும். 0.2 மோலார் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் 5 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 4 மில்லிலீற்றர், குளுட்டரால்டிஹைட் 1 மில்லிலீற்றர். பீ.எச். 7.2 அளவில் இருக்க வேண்டும். இதை ஆய்வுகூடத்தில், ஆவி உறிஞ்சும் அலமாரிக்குள் கலந்து எடுத்துப் போங்கள், லயத்து அறையில் கலக்காதீர்கள். கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். மலையில் நைத்ரைல் கையுறை, பிள்ளைகள் பக்கத்தில் வராத இடம், மீதிக் கரைசல் திரும்ப ஆய்வுகூடத்துக்கு. கானில் ஊற்றவே கூடாது, அந்தத் தண்ணீர் கீழே லயத்துக்குத்தான் போகும். போத்தல் மூடியைப் பாரஃபிலிமால் சுற்றி, ஐஸ் போட்ட அகலவாய்த் தேர்மஸ் பிளாஸ்கில் நிமிர்த்தி வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. பின்னால் வரும் எதனோல் மெழுகைக் கரைத்துவிடும். அவர்கள் துண்டைக் கரைசலில் போடாமல், மூடிய கண்ணாடித் தட்டில் சிலிக்கா ஜெல்லோடு மெதுவாகக் காயவிட வேண்டும். கலங்கள் சுருங்கும், மெழுகுப் பளிங்குகள் நிற்கும். உறைகுளிர் மேடை உள்ள செம் கிடைத்தால் கலத்தின் உருவமும் மெழுகும் இரண்டும் கிடைக்கும்.

5. கழுவுதல், நீர் நீக்குதல், உலர்த்துதல்

கரைசலில் ஓர் இரவு, 4 பாகையில். அடுத்த நாள் தாங்கற் கரைசலில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை கழுவுங்கள். ஒஸ்மியம் டெட்ரொக்சைட் போடச் சொல்வார்கள். மேற்பரப்பின் உருவம் மட்டும் போதுமென்றால் முதல் தடவை அதைத் தவிர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். விலை அதிகம், ஆவி கண்ணைப் பாதிக்கும், பயிற்சி இல்லாமல் தொடவே கூடாத பொருள்.

அப்புறம் எதனோல்: 30, 50, 70, 80, 90, 95 சதவீதம், கடைசியில் தூய எதனோல் மூன்று தடவை. ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். அவசரத்தில் படியைத் தாண்டினால் இலை சுருங்கும். தூய எதனோல் போத்தலை நம் மலை ஈரத்தில் திறந்து வைக்காதீர்கள், அது காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அந்தச் சிறிதளவு நீரே உலர்த்தும்போது இலையை மடக்கிவிடும்.

கொழுந்தில் நான்கில் மூன்று பங்கு நீர். அதைச் சும்மா காயவிட்டால் நீரின் பரப்பிழுவிசை கலச்சுவரை உள்ளே இழுத்து மடக்கும். என் முதல் படங்களில் நடந்தது அதுதான். சி.பி.டி. என்ற, அவதிப்புள்ளியில் உலர்த்தும் இயந்திரம் எதனோலை எடுத்துவிட்டுத் திரவக் காபனீரொட்சைட்டை நிரப்பி, 31 பாகைக்கும் 74 பாருக்கும் மேலே கொண்டுபோகும். அங்கே திரவம், வாயு என்ற எல்லையே இல்லை, இழுக்கும் பரப்பும் இல்லை. மெதுவாக வாயுவை வெளியேற்றினால் இலை நிமிர்ந்தபடி காய்ந்திருக்கும். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் எச்.எம்.டி.எஸ். என்ற திரவத்தில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். தேயிலை மாதிரி தடித்த இலைக்கு அதுவும் ஓரளவு சரிவரும்.

உலர்ந்த துண்டு அப்பளம் மாதிரி, ஈரத்தை உடனே இழுக்கும். மூட்டம் இறங்கும் நாளில் நுவரெலியாவில் திறந்த மேசையில் அரை மணி நேரம் வைத்தாலே போதும், கெட்டுவிடும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கி மாற்றுங்கள்.

பறித்ததிலிருந்து படம் வரை குறைந்தது மூன்று முழு நாட்கள். திங்கட்கிழமை பறித்தால் வியாழக்கிழமைக்கு முன்பதிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை பறிக்காதீர்கள், சனி ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டியிருக்கும்.

6. ஸ்டப்பும் பூச்சும்: என்னை மிகவும் அலைக்கழித்த இடம்

ஸ்டப் என்பது துண்டை ஒட்டும் சிறு உலோகத் தட்டு. பெரும்பாலான இயந்திரங்களுக்கு அடியில் ஊசி உள்ள 12.5 மில்லிமீற்றர் ஸ்டப், சிலவற்றுக்குத் திருகு ஸ்டப். மாற்றிக் கொண்டுபோனால் ஒட்டிய துண்டைப் பிய்த்தெடுக்க வேண்டிவரும். எந்த வகை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது தடவை என் உருவப் படங்கள் நன்றாக வந்தன. உற்சாகத்தில் ஈ.டி.எஸ்.ஸும் பார்த்தேன். கொப்புளத்தில் எடுத்த நிறமாலை வரைபில் அலுமினியச் சிகரம் உயரமாக நின்றது. தேயிலை அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் செடி என்று படித்திருந்ததால், நோய் பிடித்த இடத்தில் அலுமினியம் கூடுகிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன், மேற்பார்வையாளருக்கு எழுதியும் அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டப் எதனால் செய்தது?" அலுமினியம். துண்டின் ஓரத்திலும், கிழிந்த இடங்களிலும் கற்றை ஸ்டப்பைத் தொட்டிருந்தது.

யோசித்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். ஈ.டி.எஸ். ஏறத்தாழ 0.1 சதவீதத்துக்குக் குறைவானதைக் காணாது, அதாவது கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். கொழுந்தில் அலுமினியம் பொதுவாகக் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம்தான். பல ஆயிரமாக ஏறுவது முற்றிய இலையில், அதுவும் மேற்றோல் கலங்களின் சுவரில். கொழுந்தில் உயரமான அலுமினியச் சிகரம் வந்தால் இலையை நம்புமுன் ஸ்டப்பைச் சந்தேகியுங்கள். தேயிலைக்கு ஈ.டி.எஸ். பார்ப்பவர்கள் காபன் ஸ்டப்பில் காபன் நாடாவால் ஒட்டுங்கள். செப்பைத் தேடுகிறவர்கள் பித்தளை ஸ்டப்பையும் செப்பு நாடாவையும் பக்கத்திலேயே வைக்காதீர்கள். எப்போதும் இலை ஒட்டாத வெறும் நாடாவிலும் ஒரு சைகை எடுத்து வையுங்கள்.

பூச்சிலும் இதே பொறி. இலை மின்னைக் கடத்தாது என்பதால் 5 முதல் 10 நனோமீற்றர் உலோகம் பூச வேண்டும். உருவத்துக்குத் தங்கம் நல்லது. ஆனால் தங்கத்தின் எக்ஸ் கதிர் 2.12 கிலோ இலத்திரன்வோல்ற்றில் வரும், பொஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பிளாற்றினம் 2.05, அது பொஸ்பரஸின் மேலேயே ஏறிவிடும். மூலகம் தேடும் துண்டுக்குக் காபன் பூசச் சொல்லுங்கள். பொஸ்பேற்றுக் கரைசலில் ஊறிய துண்டில் பொஸ்பரஸையும் சோடியத்தையும் அளப்பதில் அர்த்தமே இல்லை. கரையக்கூடிய பொற்றாசியம் போன்றவையும் ஊறிய தண்ணீரோடு போயிருக்கும். மூலகத்துக்கான தொகுதியைக் கரைசலில் போடாமல், உறைய வைத்து உலர்த்துங்கள்.

7. இயந்திரத்தின் முன்

இயக்குநரிடம் 3 அல்லது 5 கிலோவோல்ற்றில் தொடங்கச் சொல்லுங்கள். 20 கிலோவோல்ற்றில் மெல்லிய மயிர்கள் கண்ணாடி மாதிரித் தெரியும், மேற்பரப்பு நுணுக்கம் மறையும், இலை வெடிக்கவும் செய்யும். செப்பின் முக்கிய கோடு 8.05 கிலோ இலத்திரன்வோல்ற்றில் இருப்பதால், ஈ.டி.எஸ்.ஸில் அதைப் பார்க்கும்போது மட்டும் 15 அளவுக்கு ஏற்றினால் போதும். உருவப் படங்களையெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஏற்றுங்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தில் முழுத் துண்டின் படம் ஒன்று முதலில். பிறகு படிப்படியாக உள்ளே. கூர்மையைப் பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டு, வேண்டிய இடத்துக்கு நகர்ந்து உடனே படமெடுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் கற்றையே அங்கே கருஞ்சதுரம் ஒன்றைப் பதித்துவிடும். வெள்ளைக் கோடுகள் ஓடினால் மின்னேற்றம் சேர்கிறது என்று அர்த்தம். துண்டின் ஓரத்திலிருந்து ஸ்டப்புக்குக் கடத்தும் பசை ஒரு கோடு இழுத்திருந்தால் பெரும்பாலும் இது வராது.

தாழ்வெற்றிட வசதி உள்ள செம்மில் பூச்சு இல்லாமலே பார்க்கலாம். படம் கொஞ்சம் மங்கல். ஆனால் பறித்த இலையைப் பெரிதாக மாற்றாமல் பார்க்கும் எளிய வழி அது, கேட்டுப் பாருங்கள்.

8. அயன் கற்றை எப்போது தேவை

எஃப்.ஐ.பி. பெரும்பாலும் கல்லிய அயன்களை 30 கிலோவோல்ற்றில் ஏவி இலையைக் குடைந்து வெட்டும். பக்கத்திலேயே இருக்கும் இலத்திரன் கற்றை வெட்டுமுகத்தைப் படமெடுக்கும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அது எட்டும் ஆழம் சில பத்து மைக்ரோமீற்றர். தேயிலை இலையின் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. முழு இலையின் குறுக்குவெட்டு வேண்டுமென்றால் திரவ நைதரசனில் உறையவைத்து முறித்தால் போதும், அயன் கற்றைக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட வித்தி முளைத்து நுழைந்த அதே புள்ளியில் புறத்தோல் என்ன ஆனது என்பது மாதிரிக் கேள்விக்குத்தான் இது வேண்டும்.

வெட்டுமுன் அந்த இடத்தின் மேல் ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் பிளாற்றினம் படியவைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேல்விளிம்பு உருகி வட்டமாகிவிடும். பெரிய மின்னோட்டத்தில் பள்ளம் தோண்டி, சிறிய மின்னோட்டத்தில் மெருகேற்ற வேண்டும். ஒரு இடத்துக்கு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகும் என்று கணக்கு வையுங்கள். வெட்டுமுகத்தில் திரைச்சீலை மடிப்பு மாதிரி நிலைக்குத்துக் கோடுகள் வந்தால் அது இலையின் அமைப்பு அல்ல, வெட்டின் தடம். கல்லியம் இலைக்குள் புதைவதால் அதன் 1.10 கிலோ இலத்திரன்வோல்ற்றுச் சிகரம் சோடியத்தின் 1.04க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சோடியம் என்று எழுதிவிடாதீர்கள். அயன் கற்றையால் சும்மா பார்த்தாலே மேற்பரப்பு அரிபடும், ஆகவே இலத்திரன் படங்கள் எல்லாம் முதலில்.

டோஃப் சிம்ஸுக்கு அனுப்பும் துண்டைப் பதப்படுத்தவோ பூசவோ கூடாது, விரலால் தொடவே கூடாது. பொலித்தீன் பை, ஒட்டும் நாடா, கைக்குப் பூசும் கிறீம் எல்லாமே மேற்பரப்பில் ஒரு படலத்தை விட்டுப்போகும். நிறமாலையில் 73, 147 ஆகிய நிறைகளில் சிகரம் வந்தால் அது பெரும்பாலும் சிலிக்கோன் அழுக்கு. சுத்தமான கண்ணாடிக் குப்பியில் வைத்து, அதே நாளில் அதே கையால் வைத்த வெறும் சிலிக்கன் தகடு ஒன்றையும் கூட அனுப்புங்கள். அழுக்கு எது, இலை எது என்று அது சொல்லும்.

9. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால்

அயன் கற்றை வேலைக்கு நம்மில் பலர் வெளிநாட்டு ஆய்வுகூடத்தோடு சேர்ந்துதான் செய்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் பக்கத்தில் இருப்பது. காசு கொடுத்து வெளியாளாகப் போவதைவிட, அங்குள்ள ஆய்வாளர் ஒருவரோடு கூட்டாகச் செய்தால் செலவு குறையும்.

தேயிலை இலையானாலும், உலர்ந்து போனதானாலும், அது தாவரப் பொருள். கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிடம் தாவர சுகாதாரச் சான்றிதழ் பற்றியும், போகும் நாட்டின் இறக்குமதி அனுமதி பற்றியும் எழுதிக் கேளுங்கள். நோய் பிடித்த இலை என்பதை மறைக்காதீர்கள். இரு நிறுவனங்களுக்கும் இடையே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் அந்தக் கையெழுத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், முதலில் அதைத் தொடங்குங்கள். காட்டுத் தாவரமோ விலங்கோ என்றால் எடுப்பதற்கு வாங்கிய அனுமதி ஏற்றுமதிக்குச் செல்லாது, தனியாக வேண்டும்.

குளுட்டரால்டிஹைட்டில் மிதக்கும் துண்டை விமானத்தில் கொண்டுபோகப் பார்க்காதீர்கள். உலர்த்தி, ஸ்டப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அனுப்புங்கள். பூச்சை அங்கே போய்ச் சேர்ந்தபின் பூசச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடியைச் சரியாகப் பூட்டாமல் அனுப்பிவிட்டார்கள். பாதி இங்கே இருந்ததால்தான் வேலை நிற்கவில்லை.

10. எழுந்து வருமுன்

படங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அளவுகோல் பதிந்த மூலக் கோப்புகள், ஈ.டி.எஸ். நிறமாலையின் எண் கோப்பு, வோல்ற்று, வேலைத் தூரம் (வில்லைக்கும் துண்டுக்கும் இடையிலான தூரம்), பூச்சின் வகையும் தடிப்பும் எல்லாம் வேண்டும். பென் டிரைவை ஆய்வுகூடக் கணினியில் செருக விடமாட்டார்கள் பல இடங்களில், வெற்று சி.டி. ஒன்று கொண்டுபோனால் நல்லது. கோப்பின் பெயரில் தோட்டம், மலை நம்பர், பறித்த திகதி, மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்று அங்கேயே எழுதுங்கள், பஸ்ஸில் ஏறியபின் ஞாபகம் இருக்காது. பார்த்து முடித்த ஸ்டப்புகளையும் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். உலர்ந்தபடி இருந்தால் அடுத்த வருடம் அதே கொப்புளத்தை மறுபடி பார்க்கலாம்.